கன்னி சாய்ந்திருந்த சுவர்

கனகவள்ளியை அழுத்தக்காரி என்பார்கள். அது பொய்யில்லை. தாராவிக்கு வந்த புதிதில் குழாயடியில் எவளோ ஒருத்தி இவள் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள். அன்றைக்கு முகத்தைத் திருப்பியவள்தான், அந்தக் குழாய்ப் பக்கமே போகாமல் தூரத்துக் கிணற்றில் இறைத்து இறைத்துக் கை காய்ப்பேறிப் போனாள். புருஷன் கணேசபாண்டியன் சொல்லியும் கேட்கவில்லை. அவளுடைய அழுத்தம் செல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவள் மகள் தங்கமயில். வயிற்றில் தங்கி நிலைத்த ஒரே பிள்ளை.

அந்தப் பிள்ளைக்கு யுத்த காலத்தில் அம்மை போட்டது. வீடு என்றால் பெரிய வீடில்லை. தெருவைப் பார்த்துப் பலசரக்குக் கடை, அதன் பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் அடுப்படி. அவ்வளவுதான். நடு அறையில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். உடம்பு காந்தக் காந்த, பிள்ளை உருண்டு உருண்டு தென்மேற்கில் கன்னி மூலைக்குப் போய், அடுப்படிச் சுவரில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொள்ளும். “இந்தச் சுவரு மட்டும் குளுந்து கெடக்கும்மா” என்று சொல்லும். அந்தச் சுவரில் சாய்ந்தபடியேதான் கண்ணை மூடியது.

கல்யாணம் காணாமல் போன பெண்பிள்ளையை வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது தெற்கத்தி வழக்கம். தங்கமயிலின் பச்சைப் பாவாடை, கண்ணாடி வளையல், ஈரும் பேனும் வாருகிற ஈர்கோலி எல்லாவற்றையும் ஓர் ஓலைப்பெட்டியில் வைத்து மூடி, அந்தச் சுவரில் பலகை அடித்து அதன்மேல் ஏற்றினார்கள். செவ்வாயும் வெள்ளியும் விளக்கு. தைப்பொங்கலுக்குப் புதுப்பாவாடை. கனகவள்ளி காலையில் எழுந்ததும் சுவரில் கையை வைத்துப் பார்ப்பாள். குளிர்ந்திருந்தால் பிள்ளை சுகமாக இருக்கிறாள் என்று அர்த்தம். மும்பையில் எந்தச் சுவர்தான் காலையில் குளிராது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பெற்றவளுக்குத் தெரியும்.

ரேஷன் வந்த பிறகு பலசரக்குக் கடையில் விற்கச் சரக்கு ஏது? கணேசபாண்டியன் வேறு கணக்குப் போட்டார். தோல் கிடங்குகளில் வேலை செய்கிற ஒண்டிக்கட்டைகள் தங்கள் ரேஷன் கார்டைக் கொடுத்தால், அதில் அரிசி வாங்கிப் பொங்கிப் போடலாம். ஆனால் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட ஒரு கூடம் வேண்டும். உள்சுவர் ஒன்றை எடுத்தாக வேண்டும்.

கொத்தனார் வேலுச்சாமி வந்தான். வந்ததும் கடப்பாரையைத் தூக்குகிற ஆளில்லை. சுவரை விரல் முட்டியால் தட்டினான், காதை வைத்துக் கேட்டான், ஓட்டைப் பார்த்து அண்ணாந்து நின்றான்.

“என்ன வே, வைத்தியன் நாடி பாக்க மாதிரி பாக்கேரு?” என்றார் கணேசபாண்டியன்.

“இடிக்கதுக்குக் கழுதை போதும் அண்ணாச்சி, ஒதைச்சே தள்ளீரும். எத இடிக்கணும், எத விடணும்னு பாக்கதுலதான் மனுசன் வேணும்.” கடைக்கும் அறைக்கும் நடுவிலிருந்த சுவரை உள்ளங்கையால் அறைந்தான். “இவன் தடியன். மேல விட்டம் இவன் தலையிலதான் உக்காந்திருக்கு. இவனத் தொடப்பிடாது. அந்தா, அடுப்படிச் சுவரு இருக்கே, அது வெறும் ஒத்தக்கல்லு. ஒண்ணையும் தாங்கல. அத எடுத்துருவோம். அடுப்ப முன்னால கடைப்பக்கம் கொண்டு போயிருவோம், பின்னால பந்தி. சோலி முடிஞ்சிது.”

வளையல் சத்தம் கேட்டது. கனகவள்ளி சுவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

“அது ஒண்ணையும் தாங்கலன்னு ஒமக்கு யாரு சொன்னா?”

வேலுச்சாமிக்குப் பெட்டி அப்போதுதான் கண்ணில் பட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டான். “மயினி, கோவப்படாதிய. ஆத்தாளச் சும்மாவா எடுப்போம்? பொங்கலிட்டு, புதுச்சேலை சாத்தி, கொலவ போட்டு மேலப்பக்கத்துச் சுவருக்குக் கொண்டு போவோம். பலகைய நானே அடிச்சித் தாரேன். அதுக்குப் பொறவுதான் இதுல கைய வைப்பேன்.”

“எம்பிள்ள சீக்குல எந்திரிக்கமாட்டாம சாஞ்ச சுவரு. இப்ப எந்திரிச்சு அங்கிட்டுப் போன்னு சொல்லவா? நா மாட்டேன்.”

சாயங்காலம் கணேசபாண்டியன்தான் இறங்கி வந்தார். “ஏ பிள்ள, நீயுஞ் சொல்லாண்டாம், நானுஞ் சொல்லாண்டாம். அவளையே கேட்டுருவோம். பூக்கட்டிப் பாப்போம்.”

வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலைக் கிழிசலில் ஒன்றுபோலக் கட்டி விளக்கு முன்னால் போட்டு, பால் மணம் மாறாத பிள்ளையிடம் ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். தெய்வம் சொன்ன பிறகு சொல்லாததை எட்டிப் பார்ப்பது தப்பு.

பொட்டலம் கட்டியது கனகவள்ளி. மாட்டுங்கா பூக்கடையில் நந்தியாவட்டையும் வாங்கினாள், செவ்வரளியும் வாங்கினாள். அடுப்படியில் தனியாக உட்கார்ந்தாள். முதல் பொட்டலத்தில் அரளியை வைத்துக் கட்டினாள். இரண்டாவதற்கு நந்தியாவட்டையைக் கையில் எடுத்தாள். அதை மடியில் போட்டுக்கொண்டு, அதிலும் அரளியையே வைத்துக் கட்டினாள்.

அடுத்த வீட்டு ஜமாலின் கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது ஒன்றை எடுத்து நேரே வாயில் வைத்தது. “ஏ, ஏ, தின்னுராத ராசாத்தி!” என்று ஜமால் பிடுங்கிக் கொடுக்க, கணேசபாண்டியன் பிரித்தார். சிவப்பு.

அவர் மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மாகிம் உப்பங்கழி வரைக்கும் நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார். வந்து, “அவ சொல்லிட்டா. வேலுவ வரச்சொல்லு” என்றார்.

வேலுச்சாமி தலையில் அடித்துக்கொண்டான். “தடியன எடுக்கச் சொல்லுதியளே அண்ணாச்சி, இது சதுப்பு மண்ணு. நா தூணு நட்டுத் தாரேன், பூமி தாங்குமான்னு எங்கிட்டக் கேக்கப்பிடாது.” சொல்லிவிட்டாலும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தான். விட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, தேக்குத் தூண் நட்டு, சுவரை மேலிருந்து வரிவரியாகப் பிரித்தான். கடையும் அறையும் ஒரே கூடமாயின. கன்னியின் சுவர் அப்படியே நின்றது. பந்தி நடந்தது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிறான் என்று சோற்றுக்கு முன்னால் ஆட்கள் கத்திப் பேசிக்கொண்டார்கள். கனகவள்ளி ஜெயித்துவிட்டாள்.

ஆனால் அதற்குப் பிறகு காலையில் சுவரில் கை வைத்தால், அது குளிர்ந்திருக்கிறதா இல்லையா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

மழை பிடித்தது. மும்பை மழையைச் சொல்லவா வேண்டும்? தாராவி மண் கஞ்சியாகிவிட்டது. தூண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது. தாங்க ஆளில்லாத விட்டம் தொய்ந்து, பின்னால் ஒரு பாரமும் அறியாமல் நின்ற ஒற்றைக்கல் சுவரின் தலையில் போய் உட்கார்ந்தது. ஒருநாள் சோறு பரிமாறும்போது சுண்ணாம்பு உதிர்ந்து இலையில் விழுந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். சுவர், பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது.

வேலுச்சாமி நனைந்துகொண்டே ஓடி வந்தான். பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. “எல்லாவனும் வெளிய போங்கலே! விட்டத்துக்கு முட்டுக் குடுத்துட்டு, சுவரக் கயிறு போட்டு இழுத்துரணும். இப்பவே. இல்லன்னா ஓடு மொத்தமும் வந்துரும்.”

“பெட்டி!” என்றாள் கனகவள்ளி.

“மயினி, பக்கத்துல போவாதிய!”

“ஐயா, பெட்டி! அவள எடுத்துட்டு வந்துருதேன். ஒரு சூடங்கூடக் காட்டலியே! ஒரு வார்த்தை சொல்லலியே!”

கணேசபாண்டியன் அவளை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தும் அவர் விடவில்லை. விட்டத்துக்கு முட்டு ஏறியதும் கயிறு இழுபட்டது. பலகையோடு, பெட்டியோடு, சுவர் அப்படியே குப்புற விழுந்தது. கூரை நின்றது. குலவையில்லை, பொங்கலில்லை. “நாம போவோம் தாயி” என்று சொல்ல ஆளில்லை.

மழை விட்டபின் செங்கலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுத் தோண்டினாள். பாவாடை கிடைத்தது. பச்சைச் சாயம் சேற்றில் கரைந்து ஓடியிருந்தது. வளையல் தூள். அதை மடியில் வைத்துக்கொண்டு இடிகல் மேலேயே உட்கார்ந்திருந்தாள். கணேசபாண்டியன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இந்தாங்க,” என்றாள். “அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் அரளிதான் வச்சேன். பிள்ளையப் பேசவிடல நான். அவ வாயப் பொத்திட்டேன்.”

“தெரியும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கழியில விடும்போது நாரு அவுந்து போச்சிட்டீ. தண்ணி மேல செவசெவன்னு மெதந்துச்சி.”

“தெரிஞ்சிக்கிட்டா அந்தத் தடியன இடிச்சிய? ஒரு வார்த்த கேக்கலியே?”

கடிபட்ட கையை அவர் வேட்டியில் துடைத்துக்கொண்டார். “என்னத்தக் கேக்க? செவப்பு வரணும்னு நானுந்தான கும்பிட்டுக்கிட்டு நின்னேன்.”

வேலுச்சாமி தூணுக்கு அடியில் கருங்கல் போட்டு நிறுத்தித் தந்தான். மேலப்பக்கத்துச் சுவரில், யாரும் கேட்காமலே, ஒரு பலகையும் அடித்து வைத்தான். கனகவள்ளி அதில் உப்பு ஜாடியைக் கூட வைக்கவில்லை.

சுவர் போனதால் கூடம் இன்னும் பெரிதாயிற்று. பந்தியும் நீண்டது. கன்னி மூலையில் மட்டும் கணேசபாண்டியன் இலை போட விடமாட்டார். புதிதாக வருகிற எவனாவது, “அண்ணாச்சி, அந்தா எடம் கெடக்கே?” என்று கேட்பான்.

“அங்க ஆளு இருக்கு. நீ இங்கன உக்காரு” என்பார்.

அடுப்பு முன்னால் நின்று சோறு வடிக்கிற கனகவள்ளிக்கு அது ஒவ்வொரு தடவையும் காதில் விழும். திரும்பிப் பார்ப்பாள். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ, அவள் கண்ணுக்கு அது வெறும் தரையாகத்தான் கிடந்தது.