தூண் பாறையை நான் மட்டும் பார்த்தேன்

கொடைக்கானலில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், கூட்டமும் மிளகாய் பஜ்ஜியும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு நிமிடம் பாறையும் என்று சொல்வேன். முதல் முறை போனபோது எனக்கு எட்டு வயது. என் சித்தியின் தேனிலவுக்கு நான் துணை.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஆவணியில் கல்யாணமாகி, காஞ்சிபுரத்துக்குள்ளேயே சில தெருக்கள் தள்ளி வாழப் போனவள், தாத்தா எங்களோடு இருந்ததால் தலை தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பண்டிகை முடிந்து, பட்டு நெய்கிற சித்தப்பா மட்டும் திரும்பிப் போனார். காரணத்தைச் சமையலறையில் அம்மாவிடம் சொன்னாள்.

"அடிக்கல, குடிக்கலக்கா. பேச மாட்டேன்றாரு. காலைல தறிக்குழியில எறங்குனா ராவுக்குத்தான் ஏறுறாரு. சோறுன்னுவாரு, தண்ணின்னுவாரு. அவ்ளோதான். செவுத்தோட எப்டிக்கா குடித்தனம் பண்றது?"

பொங்கல் வரைக்கும் போகவில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி, கொடைக்கானல் என்று முடிவு செய்தார்கள். எங்கள் தெருவில் புதிதாகக் கல்யாணமான அத்தனை பேரும் அங்கே போய், ஏரியில் படகோடு எடுத்த படத்தைக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். தாலிக்கு அடுத்தபடி அந்தப் படம்தான் முக்கியம் என்று நானும் நம்பினேன். சித்தி ஒரே நிபந்தனை போட்டாள்: "பாப்பா வந்தா நானும் வரேன்."

கிளம்பும்போது அம்மா என் பின்னலை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரும் பேசிக்கினாங்களான்னு பாத்துக்கினு வந்து சொல்லு. இதுவும் சரி வரலன்னா உங்க சித்தி அந்த வூட்டுக்குப் போவவே போவாது."

செங்கல்பட்டில் ரயில் ஏறினோம். நான் நடுவில் உட்கார்ந்தேன். சித்தப்பா பிஸ்கட் பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "சித்திக்கும் குடு" என்றார். மலையேறும் வரை அவர் பேசியது அவ்வளவுதான்.

மேலே, ஏரியைவிடப் படகுக்கு நின்ற வரிசை நீளமாக இருந்தது. பாதி வரிசையில் சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. படம் இல்லாமலே தூண் பாறைக்குப் போனோம். பாதை முழுக்க வேன்கள், குதிரைச் சாணம், கம்பளித் தொப்பி விற்பவர்கள். கம்பிவேலியை ஒட்டி நாலைந்து அடுக்காக ஆட்கள். முண்டியடித்து முன்னால் போய்ப் பார்த்தால், வேலிக்கு அப்பால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறும் மேகம். வழிகாட்டி ஒருவர் அந்த வெள்ளையைக் கையால் சுட்டி, "இங்க ஒரு பாறை, அங்க ரெண்டு பாறை" என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஜனம் தலையாட்டியது.

சித்தப்பா வேலிக்கு வெளியே கையை நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துப் பார்த்தார்.

"இந்த ஊர்ல தறி போட முடியாது. பாவு நூலு ஈரங் குடிச்சித் தொய்ஞ்சிப் பூடும்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"இங்க தறி போடச் சொல்லி யாரு அழுதாங்க?" என்றாள் சித்தி. "எங்க வூட்டுத் தறிக்குழியில மழைக்காலம் பூரா பல்பு எரியும். ஈரம் ஏறாது."

சித்தப்பா முழுதாகத் திரும்பினார். "பல்பா? அந்தச் சூட்டுல இழை அறுந்துக்கினே இருக்குமே. அதான் உங்க வூட்டுப் புடவையில அங்கங்க முடிச்சி."

"இன்னா சொன்னீங்க? எங்கப்பா புடவையில முடிச்சா? நீங்க பாத்தீங்களா?"

"கல்யாணத்தன்னிக்கு நீ கட்டிக்கினு இருந்தியே, அதுலயே பாத்தேன்."

"மணவறையில உக்காந்துக்கினு முடிச்சி எண்ணிக்கினு இருந்தீங்களா? தாலி கட்டுற வேலைய வுட்டுட்டு?"

பக்கத்தில் நின்றவர்கள் மேகத்தை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள். அதைக் கவனித்த சித்தி, அவர் சட்டைக் கையைப் பிடித்து டீக்கடைப் பக்கம் இழுத்துப் போனாள். நான் வேலியிலேயே நின்றேன். சற்று நேரத்தில் கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது. மேகம் விலகி, மூன்று பாறைகள் நின்றன. உயரம்தான், ஆனால் பாறை. நான் திரும்பிக் கூப்பிட்டேன். டீக்கடைப் பெஞ்சில் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஆறிய டீயோடு, விரலால் காற்றில் இழை இழுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் இழுத்து வருவதற்குள் மேகம் மூடிவிட்டது.

வீடு வந்ததும் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்; உள்ளே கொடைக்கானல் எப்படி என்று அம்மா கேட்டாள்.

"அந்த மாதிரி எடத்த நான் பாத்ததே இல்லக்கா" என்றாள் சித்தி.

எனக்கு ஆத்திரம் வந்தது. "பொய்மா. சித்தி ஒண்ணுமே பாக்கல. நான்தான் பாத்தேன். வெறும் பாறை."

அம்மா என்னைத் தோட்டத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "அத வுடு. பேசிக்கினாங்களா?"

கெட்ட செய்தி சொல்லப் போகிற வருத்தம் எனக்கு நிஜமாகவே இருந்தது. "எங்கமா பேசினாங்க? சண்டைதான். பாறையாண்ட ஆரம்பிச்சி, ரயில்ல, பஸ்ல, நம்ம தெரு வர்ற வரைக்கும். ரயில்ல ஒரு ஆயா, 'கொஞ்சம் தூங்க வுடுங்கபா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்பவும் நிறுத்தல."

அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேராக உள்ளே போய், சித்தியின் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, கொடியில் கிடந்த புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து அதில் அடுக்கத் தொடங்கினாள். சண்டைக்காரரோடு சித்தியை அன்றைக்கே அனுப்பப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை போலும் என்று நினைத்து, பக்கத்தில் போய் நின்று, இன்னும் உரக்க, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.