பின்னால் தள்ளியே இருந்த சீட்

பழைய காரைக் கொடுத்தால் புதிய காருக்கு வரியைக் குறைக்கலாமா என்று அரசாங்கத்தில் மறுபடியும் யோசிக்கிறார்களாம். காலையில் பேப்பரில் பார்த்தேன். படித்த மாத்திரத்தில், வெயிலில் வெந்த ரெக்சினும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசம் மூக்கில் ஏறியது. சிரிக்காதீர்கள், எனக்கு அப்படித்தான்.

மாத்தளையில் அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலைக்கு, லிகிதராக, நான் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு திட்டம் வந்தது. பழைய வாகனங்களைக் கந்தோர் முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொழும்பிலிருந்து வரும் சிங்கள அதிகாரி, நாங்கள் மகத்தயா என்போம், ஓட்டிப் பார்த்து, தேறும், தேறாது என்று சொல்வார். அவருக்குத் தமிழ் வராது, எனக்குத் தமிழ், சிங்களம் இரண்டும் வரும். அதனால் பெரிய ஆள் என்ற நினைப்பில் அவர் பின்னாலேயே திரிந்தேன். டயர் மாற்றத் தெரியாத நான், வருகிற காரின் பொனட்டைத் தட்டிப் பார்த்துத் தலையை வேறு ஆட்டுவேன்.

திட்டம் எப்படி என்று கேட்கிறீர்களா? மிச்சக் காசு கையில் இருந்தவனுக்குப் பொன்னான திட்டம். கோழி முட்டையிட்டுக் கிடந்த கார்களையெல்லாம் தேடிப் பிடித்து, பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தவர்கள்தான் முன்வரிசையில் நின்றார்கள். காரையே நம்பிப் பிழைத்தவர்கள் கேற்றுக்கு வெளியே நின்றார்கள். செல்வமும் அங்கேதான் நின்றான்.

செல்வம் என்னோடு படித்தவன். அவன் ஓட்டிய பச்சை மொறிஸ் மைனர் அவனுடைய அண்ணன் ரவியின் கார். ரவி யட்டவத்த பக்கம் ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு ஹயருக்குப் போனவன், திரும்பி வரவில்லை. கார் மட்டும் கதவு திறந்தபடி ரோட்டோரம் நின்றது. யார் ஏறினார்கள், யார் இறக்கினார்கள் என்று கேட்க அந்தக் காலத்தில் யாருக்கு வாய் வந்தது? அவர்களின் அம்மா பார்வதியம்மா கேட்டார். பொலிஸ், ஆமி கேம்ப், ஆஸ்பத்திரி என்று ஒரு வாசல் விடாமல் கேட்டார்.

ரவி நல்ல உயரம். சாரதி சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளித்தான் ஓட்டுவான். செல்வமோ குட்டை. ஆனாலும் சீட்டை இழுக்க அம்மா விடவில்லை. "அவன் வந்தா அவன் வச்ச மாதிரியே இருக்கணும்." ஆக, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்து, எட்டி எட்டி மிதித்து வருஷக்கணக்கில் ஓட்டினான். "என்னடா, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். பாவம், அவனும் சேர்ந்து சிரிப்பான்.

பிறகு கார் ஏற்றங்களில் திணறத் தொடங்கியது, ஹயர் குறைந்தது. ரவியின் இரண்டு பிள்ளைகளும் செல்வத்தின் தலையில். திட்டத்தில் காரைக் கொடுத்து ஒரு வேன் எடுத்தால் சீகிரியா ஹோட்டல்களுக்கு ஆள் ஏற்றி ஓடலாம். ஆனால் கார் ரவி பெயரில் இருந்தது. ஒன்று ரவி வந்து கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவனுடைய மரணச் சான்றிதழ் வேண்டும். காணாமல்போனவர்களுக்கும் அதை எடுக்கலாம் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. அம்மா மாட்டேன் என்றுவிட்டார்.

"எம் புள்ளய நானே சாகடிக்கணுமா?"

"கார் தேறுமான்னு மட்டும் பாப்பம்மா" என்று செல்வம் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தான். அவர் பின்சீட்டை விட்டு இறங்கவில்லை. மகத்தயா நல்ல மனிதர்தான். அம்மாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். கால் எட்டவில்லை. தலையணையை எடுத்து என் கையில் தந்தார். குனிந்து, சீட்டுக்கு அடியில் இருந்த பிடியை இழுத்தார். துருப்பிடித்துக் கிடந்தது. இன்னும் பலமாக இழுத்தார். கடக்கென்று சீட் முன்னால் போய் நின்றது.

செல்வம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையணையைப் பிடித்தபடி நின்றேன். மகத்தயாவுக்கு அது வெறும் சீட்.

அம்மாவின் முழங்காலுக்கு முன்னால் திடீரென்று இடம் வந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி அவன் வந்தா முட்டி இடிக்கும்" என்றார்.

பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். "தம்பி, அந்த சேட்டிபிக்கட்டுக்கு எங்க போகணும்னு சொல்லுங்க."

அம்மா என்ன சொல்கிறார் என்று மகத்தயா என்னிடம் கேட்டார். சம்மதமாம் என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

செல்வத்துக்கு வேன் கிடைத்தது. பிள்ளைகள் படித்து ஆளானார்கள். திட்டம் வெற்றி என்றுதான் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினோம், அது பொய்யுமில்லை. பச்சைக் காரை மற்றக் கார்களோடு லொறியில் ஏற்றிப் போய் நசுக்கிவிட்டார்கள். அந்த முற்றத்தில் இப்போது மாடிக் கட்டடம் நிற்கிறது. அந்த வேன்கூட இன்று இல்லை.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் செல்வத்தைக் கண்டேன். பழைய கதை வந்தது.

"அம்மா அந்த வேன்ல ஏறவே இல்ல மச்சான். மாரியம்மன் கோயிலுக்குக்கூட நடந்துதான் போனாங்க. ஒரே ஒரு தடவதான் ஏறினாங்க. அதுவும் பெட்டியோட நாங்க தூக்கி வச்சது."