மூவாயிரம் அடி உயரத்தில் மூக்கைச் சொறிந்தேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதக் காலை. சிவகாசிக்கு மேலே மூவாயிரம் அடி உயரத்தில், இரண்டே பேர் உட்காரக்கூடிய பயிற்சி விமானத்தில் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டிக்கொண்டிருந்தது நான். பக்கத்தில் என் பயிற்சியாளர் மேடம். காரியாபட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். அடுத்த வாரம் நான் முதல்முறையாகத் தனியாக வெளியூர் பறக்க வேண்டும். அதற்கு அவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

எங்கள் பயிற்சிப் பள்ளியில் டீ போடும் மேசைக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை உண்டு. பாடப்புத்தகத்தில் இல்லாத சட்டங்களை அதில் எழுதி வைப்போம். ‘காலையில் நாலு இட்லிக்கு மேல் சாப்பிட்டவனின் விமானம் ஓடுபாதையின் கடைசி அடியில்தான் எழும்பும்.’ ‘பெட்ரோல் முள் சொல்வதைக் கேட்டுக்கொள், டேங்கில் குச்சி விட்டு அளந்ததை நம்பு.’ ‘அழகாக இறங்கினால் ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டார்கள், துள்ளிக் குதித்து இறங்கினால் பள்ளியே பார்த்திருக்கும்.’ மேடம் தன் கையால் எழுதியது ஒன்றுதான்: ‘எது நடந்தாலும் முதலில் மூக்கைச் சொறி.’ பதறினால் கை கண்டதையும் இழுத்துவிடும். சொறிந்து முடிப்பதற்குள் என்ன நடந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பார்.

எங்கள் வீட்டுச் சட்டம் வேறு. அப்பா நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். “சத்தம் கேட்டா மொதல்ல ஓடு, அப்பொறமாத் திரும்பிப் பாரு” என்பதைச் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்தார். ஹோட்டலுக்குப் போனாலும் வாசலுக்குப் பக்கத்து மேசையில்தான் உட்காருவோம். ஒருமுறை குக்கர் வால்வு வெடித்தபோது அப்பா, அம்மா, நான் மூவரும் தெருவில் நின்றோம். அடுப்பை அணைக்க உள்ளே ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டே போய் அணைத்தார்.

அன்று கீழே பட்டாசு ஆலைகள் தெரிந்தன. ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். அதில் அப்பாவின் கம்பெனி எது என்று தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று டமார் என்று ஒரு சத்தம். கூடவே காற்றின் பெரும் இரைச்சல். மடியிலிருந்த வரைபடம் எழும்பி முகத்தில் அறைந்தது.

அடுத்த நொடி நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். இடது கை என் பக்கத்துக் கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தது. அவ்வளவு உயரத்தில் நான் தெருவுக்கு ஓடப் பார்த்திருக்கிறேன்!

“ஏத்தா, எங்கன போற?” என்றார் மேடம். அதற்குள் விமானத்தைத் தன் பிடியில் எடுத்திருந்தார். “மூக்கச் சொறி மொதல்ல!”

சொறிந்தேன். இஞ்சின் சத்தம் மாறவில்லை. உயரம் குறையவில்லை. மேடம் பக்கத்துக் கதவு சரியாகப் பூட்டாமல் இரண்டு விரற்கடை திறந்திருந்தது, அவ்வளவுதான். இந்த மாதிரி விமானத்தில் கதவு திறந்தாலும் காற்றே அதற்குமேல் திறக்க விடாது, விமானம் பாட்டுக்குப் பறக்கும் என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள் நான்.

மதுரையில் இறங்கியதும் அழுகை வந்துவிட்டது. கையெழுத்து போச்சு என்றே நினைத்தேன். அழுதுகொண்டே வீட்டுக் கதையைச் சொன்னேன். குக்கர் விஷயம் வந்ததும் மேடம் விமானச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஒங்கப்பா சொன்னது தப்பில்லத்தா. தரையில அதான் சரி. பதறுனா ஒங்கை எங்கன போகும்னு இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல? எம்புட்டுப் பேருக்கு அது தெரியும்?” என்றார். ஆனால் கையெழுத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

பள்ளிக்குத் திரும்பும்போதும் என்னையே ஓட்டச் சொன்னார். விருதுநகரைத் தாண்டியதும் மறுபடி அதே சத்தம், அதே காற்று. என் இடது கை கிளம்பியது. பாதி வழியில் நின்றது. பிறகு மூக்குக்குப் போனது. ஓரக்கண்ணால் பார்த்தால், மேடம் தன் கதவைத் தானே திறந்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தரையிறங்கியதும் என்னிடம் பேனா கேட்டார்.

அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ஓடச் சொல்லித்தான வளத்தேன். ஓட எடமில்லாத எடத்துக்கு நீ போவேன்னு நெனைக்கலையே, தாயி” என்றார். குரல் கம்மியிருந்தது.

அடுத்த வாரம் தனியாகப் பறந்து போய்த் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பறந்துவிட்டேன். இன்றும் எதிர்பாராத சத்தம் கேட்டால் இடது கை கதவை நோக்கி ஓரங்குலம் நகரத்தான் செய்கிறது. அதற்காக நான் இப்போது வெட்கப்படுவதில்லை. மகள் உயிரோடு வீட்டுக்கு வர வேண்டும் என்று அப்பா அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.