பெரிய பள்ளி, இரண்டு நிமிட நடை

என் சாச்சி நின்றுகொண்டே கனவு காண்கிறவள். வாப்பாவின் தம்பி மனைவி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். அங்கே பெரிய உருளை இயந்திரம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஈரத்துணியைக் கொடுத்தால் மறுபக்கம் சுடச்சுடத் தட்டையாக வந்து விழும். அதை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து ஒன்றுசேர்க்க வேண்டும். பிறகு விலக வேண்டும், மறுபடி நெருங்க வேண்டும். ஆவி கூரை வரைக்கும் நிற்கும். பத்தடி தள்ளி இருப்பவர் முகம் தெரியாது. வெள்ளையாக ஏதோ நகர்ந்து வரும், பக்கத்தில் வந்த பிறகுதான் அதற்குக் கண்ணும் மூக்கும் முளைக்கும்.

அந்த வெள்ளைக்குள்தான் சாச்சி பஸ்ஸைப் பார்ப்பாள். பள்ளிக்கூட பஸ். சத்தமே இல்லாமல் எங்கள் தெருமுனைக்கு வந்து நிற்குமாம். கதவு திறக்குமாம். எங்கள் தெருப் பெண் பிள்ளைகள் முக்காட்டைச் சரிசெய்தபடி ஒவ்வொருத்தியாக ஏறுவார்களாம். கடைசிப் பிள்ளை ஏறும் முன்னே எதிர்முனை பிடித்திருப்பவள், "என்னக்கா, நின்னுட்டே தூங்கிட்டியா? துணி தரையில இழுபடுது" என்று கத்துவாள். சாச்சி திடுக்கிட்டு முனையைத் தூக்குவாள். எனக்கும் இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸின் நிறம் மாறும்.

அந்த பஸ் எங்களுக்கு ஏன் தேவை என்று சொல்லிவிடுகிறேன். ஆற்று வளைவுக்கும் கிடங்கு வரிசைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நாற்பத்து மூன்று வீடுகள், எல்லாம் எங்கள் ஆட்கள். கிடங்குக்குப் பின்னால் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பாலத்தைத் தாண்டி, லாரிகள் பறக்கிற சாலையைத் தாண்டிப் போக வேண்டும். வளர்ந்த ஆளே ஒரு மணி நேரம் நடக்கணும். பையன்கள் கூட்டமாகப் போய்விடுவார்கள். பெண் பிள்ளைகள் ஐந்தோடு நின்றார்கள். வெளியே இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு வாசகம் தயாராக இருந்தது: "அவங்க பொண்ணுங்களைப் படிக்க வைக்க மாட்டாங்க." இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலையில் ஏறும். பாலத்தை நடந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று சண்டைக்கே போயிருக்கிறேன்.

நாங்களும் சாச்சி குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சாச்சிக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை எல்லோரும் பெரியவள் என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கும் எனக்கும் பதினோரு நாள்தான் வித்தியாசம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஐந்தாம் வகுப்பு முடித்தோம். கணக்கில் அவள் புலி, நான் அவளைப் பார்த்து எழுதின பூனை. என் வாப்பாவிடம் சைக்கிள் இருந்தது. கேரியரில் ஒரு ஆள்தான் உட்காரலாம். சாச்சா லாரி ஓட்டுகிறவர், மாசத்துக்கு நாலு நாள்தான் வீட்டில் இருப்பார். அதனால் நான் போனேன், அவள் போகவில்லை. இதில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவே இல்லை. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி நடந்துவிட்டது.

முதல் ஒரு வாரம் தெருமுனை வரைக்கும் வந்து என் பையைத் தூக்கிக் கொடுத்தாள். அப்புறம் வரவில்லை. யாராவது கேட்டால், "எனக்கு அதெல்லாம் பிடிக்காது, புத்தகத்தைப் பார்த்தாலே தலை வலிக்கும்" என்பாள். அதைக் கேட்டுக் கேட்டு, "அவளுக்குப் படிப்பு ஏறாது" என்று வீட்டிலேயே ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தக் கேரியரைப் பற்றிப் பேச வேண்டி வருமே என்ற பயம். இப்போது வெட்கமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல.

வருஷங்கள் ஓடின. பெரியவளுக்குப் பத்தொன்பது வயசாயிற்று. கூலிக்குச் சட்டைக் காலர் தைத்துக்கொண்டு வீட்டோடு இருந்தாள். சின்னவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். என் வாப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, சைக்கிள் சுவரில் சாய்ந்தபடி நின்றது. "இவளையும் உட்கார வைக்கவா?" என்று சாச்சி ஒருநாள் மடித்துக்கொண்டிருந்த துணியிடம் கேட்பதுபோல் தன்பாட்டுக்குக் கேட்டாள்.

பஸ் கேட்டு மனு எழுதுகிற வேலை முன்பே என் தலையில் விழுந்திருந்தது. தெருவிலேயே கல்லூரி வரைக்கும் போனவள் நான் ஒருத்திதானே. சின்னவள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போதே ஆரம்பித்து, வருஷத்துக்கு ஒன்றாக எழுதினேன். மூன்று தடவையும் ஒரே பதில்: பரிசீலித்ததில் தேவை இருப்பதாகத் தெரியவில்லை. மூன்றாவது பதில் வந்த அன்றைக்கு நான் குதித்த குதியில் உம்மா பாத்திரத்தை எல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் சாச்சியைக் கூட்டிக்கொண்டு நேராக அந்தப் பதிலை அனுப்பிய கல்வி அலுவலகத்துக்கே போய்விட்டேன்.

நீளமான அறை. ஜன்னல் கண்ணாடியில் தூசி படிந்து, வெயில் பால் மாதிரி உள்ளே விழுந்தது. அலமாரிக்கு மேலெல்லாம் கட்டுக் கட்டாகக் கோப்புகள். எழுத்தர் நல்ல மனுஷர்தான், உட்காரச் சொன்னார். "உங்களுக்கெல்லாம் ஏம்மா பஸ்? பக்கத்துலேயே இருக்கே" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு கோப்பைப் பிரித்து, பத்து வருஷத்துக்கு முன் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கைப் படித்துக் காட்டினார். உயர்நிலைப் பள்ளி உள்ளதா: உள்ளது. தூரம்: இரண்டு நிமிட நடை. மாணவர்கள் செல்கிறார்களா: ஆண் பிள்ளைகள் மட்டும், பெண் பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் இல்லை. கீழே, தகவல் சொன்னவர் என்ற இடத்தில் ஒரு கைநாட்டு. எங்கள் வீட்டு எண்.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும், அல்லாவே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வாயில் பள்ளி என்றால் தொழுகிற பள்ளி. சின்னப் பள்ளி என்றால் ஆற்றோரம் இருப்பது, பெரிய பள்ளி என்றால் தெரு முடிகிற இடத்தில் மினாரா வைத்து நிற்பது. படிக்கிற இடத்துக்கு நாங்கள் ஸ்கூல் என்போம், பள்ளிக்கூடம் என்போம். வெறும் பள்ளி என்று சொல்லவே மாட்டோம். எழுத்தருக்கு இதை விளக்கியதும் அவரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னார்.

சாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாளாம். கோப்பும் கையுமாக ஒருத்தர். தாளில் உயர்நிலைப் பள்ளி என்றிருந்ததை இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, "பெரிய பள்ளி பக்கத்துல இருக்கா?" என்று எளிமையாகக் கேட்டிருக்கிறார். இருக்கே, ரெண்டு நிமிஷ நடை என்று சாச்சி பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் போகிறார்களா என்றதற்கு, பையன்கள் போவார்கள், பொம்பளைப் பிள்ளைகள் போகிற வழக்கமில்லை என்றாள். அதுவும் உண்மைதான். அவர் எழுதிக்கொண்டு, மை டப்பாவை நீட்டி, நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நாற்பத்து மூன்று வீட்டிலும் இதே கேள்வி, இதே பதில்.

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு எனக்குக் கோபம் வந்தது. பெரிய பள்ளி என்று இவர்களே ஒன்றைக் கண்டுபிடித்துக் கேட்பார்களாம், பதிலை எங்கள் தலையில் கட்டுவார்களாம். இரண்டு நிமிஷத்தில் உயர்நிலைப் பள்ளி இருந்தால் இவர்கள் கண்ணிலேயே பட்டிருக்காதா? எல்லாவற்றையும் கொட்டினேன். எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். மறு விசாரணைக்கு எழுதுவதாகவும், பதினைந்து நாளில் ஆள் வருவார்கள் என்றும், இந்தத் தடவை சரியாகப் பதிவானால் வருகிற பள்ளி ஆண்டிலேயே பஸ் விட வாய்ப்பிருக்கிறது என்றும் சொன்னார். தப்பினால் அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்குள் சின்னவளும் காலர் தைக்கப் போயிருப்பாள்.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் சாச்சி நின்றுவிட்டாள். கீழே ஆறு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் எங்கள் கூரைகள் வெயிலில் மிதப்பதுபோல் தெரிந்தன.

"அப்போ பெரியவளை உட்கார வச்சது நான்தானா?" என்றாள்.

இல்லை சாச்சி, கேட்டவன் மேல்தான் தப்பு என்று என்னென்னவோ சொன்னேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. விரலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் பதினைந்து நாளும் வேலை முடிந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பள்ளி என்று கேட்டால் எந்தப் பள்ளி என்று திருப்பிக் கேட்கணும், எங்கே விரலை வைக்கிறோம் என்று படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைக்கணும். ஒவ்வொரு வாசலிலும் இதே பாட்டு. தெருவில் அவளைக் கண்டாலே சின்னப் பிள்ளைகள், "எந்தப் பள்ளி?" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். சலவைக்கூடத்திலும் அதே நினைப்புதான். பஸ்ஸைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். ஆவிக்குள்ளிருந்து துணியோடு நடந்து வரும்போது உதடு மட்டும் அசையும், ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பாள். எதிரே இருப்பவள் ஏதோ ஓதுகிறாள் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவாளாம்.

விசாரணைக்கு வந்தவர் ஒரு பெண் அதிகாரி. பனி விலகாத காலை. வாசலுக்கு வாசல் மெல்லப் பேச்சுக்குரல் கேட்டது. எங்கள் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கேள்விக்குப் பதிலாக முதலில் ஒரு கேள்வி வந்தது. அந்தம்மா பொறுமையாக, படிப்புச் சொல்லித் தருகிற உயர்நிலைப் பள்ளி என்று முழுசாகச் சொன்னார்கள். அன்றைக்கு எழுதியதுதான் நிலைத்தது. பஸ் வந்தது, சின்னவள் முதல் நாளே ஏறினாள், அவளோடு இன்னும் பதினேழு பிள்ளைகள் ஏறினார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அதையில்லை. அன்று காலை எங்கள் வாசலில் நடந்ததை.

சாச்சி அந்தம்மாவை உட்கார வைத்து, தூரம், பாலம், லாரி எல்லாம் தடுமாறாமல் சொன்னாள். பெரியவள் உள்கதவில் சாய்ந்து, கையில் காலர்த் துணியோடு நின்றாள். கடைசிப் பக்கம் வந்தது. இந்த வீட்டில் மேல்படிப்புக்குப் போக முடியாமல் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார்கள்.

"ரெண்டு" என்றாள் சாச்சி.

வயசு கேட்டார்கள். பத்து, பத்தொன்பது. அந்தம்மா பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, பத்தொன்பது வயசு இந்தக் கணக்கில் வராது என்று மென்மையாகத்தான் சொன்னார்கள்.

"எழுதுங்கம்மா. போன தடவை நான் சொன்னதை அப்படியே எழுதினீங்க. இந்தத் தடவையும் எழுதுங்க."

சாச்சியின் குரல் உயரவே இல்லை. அந்தம்மா தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு இரண்டாவது பேரையும் எழுதிக்கொண்டார்கள். எழுதிவிட்டால் அடுத்த கட்டத்தையும் நிரப்பித்தானே ஆக வேண்டும். தலையைத் திருப்பிப் பெரியவளிடமே கேட்டார்கள்.

"மேல படிக்க விருப்பம் இருக்காம்மா?"

நாங்கள் எல்லோரும் அவளுடைய வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தோம். தலைவலி, பிடிக்காது, ஏறாது. அவள் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்து முந்தானையில் செருகினாள். அந்தம்மாவைப் பார்க்கவில்லை. சாச்சியைப் பார்த்தாள்.

"அப்பவே இருந்துச்சு உம்மா. யாரும் கேக்கலை."