கரைவலையை இழுத்த சிம்பொனி

பருத்தித்துறைக்குக் கிழக்கே, கொதிக்கும் மணலில் மீனவர்கள் வரிசையாக நின்று கரைவலை இழுக்கிறார்கள். என்னோடு வந்திருக்கும் நோரா அயர்லாந்துக்காரர். பெரிய வாத்தியக் குழுக்களுக்கு சிம்பொனி எழுதுகிறவர். வலைப்பாட்டைப் பதிவு செய்ய வந்தவரை, பாட்டெடுத்துக் கொடுக்கும் சின்னத்தம்பி அண்ணை மடக்குகிறார்.

"இந்த அம்மாவின்ரை பாட்டுக்கு ஆக்கள் என்னத்தை இழுக்கிறவை?"

மொழிபெயர்க்கிறேன். "ஒன்றையும் இல்லை. உட்கார்ந்து கேட்பார்கள்" என்கிறார் நோரா.

"சும்மா இருந்தோ? கயித்தைப் பிடிச்சுக்கொண்டு பாடச் சொல்லுங்கோ. வலை வருதோ பாப்பம்!"

நோரா செருப்பை உதறிவிட்டுக் கயிற்றைப் பிடிக்கிறார். தன் சிம்பொனியிலிருந்து ஒரு மெட்டை எடுக்கிறார். மெட்டு நீளம், கால்கள் தடுமாறுகின்றன, கயிறு கடலுக்கே திரும்புகிறது. அவர் விடவில்லை. மெட்டைப் பாதியில் முறித்து, முடிவில் ஓங்கி அழுத்துகிறார். அந்த அழுத்தத்தில் எல்லாக் குதிகால்களும் ஒன்றாக மணலில் புதைகின்றன. "ஏலேலோ!" என்று அண்ணை அதை ஏந்திக்கொள்கிறார். நானும் ஓடிப்போய்க் கயிற்றில் கைவைக்கிறேன்.

வலை கரையேறுகிறது, அதன் பை போன்ற மடி நிறைய மீன்.

"ஓம், வலை வந்திட்டுது! அம்மாவுக்கும் ஒரு பங்கு போடுங்கோ!"

நோரா தன் பங்கை இரண்டு கையாலும் மார்போடு அணைக்கிறார். இசைக்காக வாங்கிய எந்தப் பரிசையும் இவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்க மாட்டார். அவர் கையில் பாரைமீன் இன்னும் துள்ளுகிறது.