ஒவ்வொன்றாகக் களையும் உடுப்பு

மார்கழி பிறந்து பத்து நாள் ஆனபின் என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. வீடு கிடைத்துவிட்டது, குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா, பகலிலும் குளிர்கிறது, கம்பளித் துணி போதுமான அளவு எடுத்துவா என்று நான்கு வரி. கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் நில அளவை முகாமில் அவர் குமாஸ்தாவாக இருந்தார். போய் இரண்டு மாதமாகியிருந்தது. போதுமான அளவு என்றால் எவ்வளவு என்பதை அவர் எழுதவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

குழந்தைக்கு எட்டு மாதம். நாங்கள் இருந்தது சேந்தமங்கலத்தில், மாமியார் வீட்டில். கொல்லைக் கதவைத் திறந்தால் மலை தெரியும். அந்த நாட்களில் காலையில் அதன் மேல்பாதி பனியில் மறைந்திருக்கும். துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் அந்த மறைந்த பாதியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அங்கேதான் போகவேண்டும். அங்கே எனக்குத் தெரிந்த பெண் ஒருத்திகூடக் கிடையாது. குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தாலும் யாரைக் கேட்பேன்?

எட்டாவது வகுப்பு வரை படித்தவள் நான். சுகாதாரப் பாடத்தில் ஒன்று நினைவிலிருந்தது. தடித்த உடுப்பு ஒன்றைவிட மெல்லிய உடுப்புகள் பல, ஒன்றன்மேல் ஒன்றாக. வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் களையலாம், குளிர்ந்தால் திரும்ப மாட்டலாம். அதை வைத்து ஒரு காகிதத்தில் எழுதினேன். உடம்போடு ஒட்டி மல் சட்டை. அதன்மேல் பிளானல் சட்டையும் கால்சட்டையும். அதன்மேல் ஸ்வெட்டர். தலைக்குக் குல்லாய், காலுக்கு உறை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சால்வை. சால்வை மட்டும் பெரியதாக இருக்கவேண்டும். தூளி கட்டலாம், விரிக்கலாம், நானே போர்த்திக்கொள்ளலாம்.

கடைவீதியில் ராவுத்தர் கடையில் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் படித்துப் படித்துக் கேட்டேன். கடைக்காரர் மூன்று தடவை ஏணியில் ஏறி இறங்கினார்.

"ஏனுங்கம்மிணி, மலைக்குப் போறீங்களா, சீமைக்குக் கப்பலேறுறீங்களா?" என்றார்.

துணைக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா சிரித்துவிட்டாள். எனக்கு முகம் சிவந்தது. பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அவர் அதைக் கண்டுகொண்டார்போல.

"இல்லீங்க, சும்மா சொன்னேன். நல்லாத்தான் எழுதிட்டு வந்திருக்கீங்க. கழுத்து வழியா மாட்டற ஸ்வெட்டர் மட்டும் வேண்டாமுங்க. முன்னால பித்தான் வெச்சதா எடுத்துக்குங்க, ஒரு அளவு பெருசா. மலையில வெயில் வந்தா சுருக்குனு இருக்கும், நிழலுக்குப் போனா நடுக்கும். கழட்டி மாட்ட வசதியா இருக்கோணும்."

அவர் சொன்னபடியே வாங்கினேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கட்டிலில் வரிசையாகப் பரப்பினேன். என் வாழ்க்கையில் நானே யோசித்து நானே முடிவுசெய்தது அதற்குமுன் அதிகமில்லை.

மாமியார் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். அவர் கடுமையானவர் அல்ல. ஆனால் அவருடைய மூன்றாவது பிள்ளை பத்து மாதத்தில், ஒரு மார்கழியில், நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனது. அதை அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அன்று அவரே பேசினார்.

"எல்லாம் சரிதான் கண்ணு. ஆனா உம்பொண்ணு எதைத்தான் மேல நிக்க விடுறா? காலுறையக் கழட்டி வாயில வெச்சுக்குறா. ஒரு புள்ளைய நான் பனிக்குக் குடுத்துட்டேன். ஊடு போய்ச் சேர்ற மட்டும் இவ மேல இருந்து ஒரு நூலு எறங்கப்படாது, ஆமா."

அது என் மனத்தில் இறங்கிவிட்டது. மலையேற ஆட்கள் தூக்கும் டோலியில் போகும்போது நான் கண்ணயர்ந்துவிட்டால்? குல்லாய் விழுந்து அது தெரியாமல் போய்விட்டால்? புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று தைத்தேன். காலுறையைக் கால்சட்டையோடு, கால்சட்டையைப் பிளானல் சட்டையோடு, அதை ஸ்வெட்டரோடு, குல்லாயைக் கழுத்துப் பட்டியோடு. லங்கோடு மாற்றக் கீழே மட்டும் வழி விட்டேன். குழந்தை பித்தானைப் பிடுங்குவாள் என்று, விடிகாலையில் உடுத்தியபின் முன்பக்கத்தையும் மூடித் தைத்தேன். சாதாரணத் தையல் இல்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கெட்டித் தையல்.

மாமியார் குழந்தையை வாங்கி, எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்த்தார். "கெட்டிக்காரி" என்றார். கல்யாணமாகி இரண்டரை வருஷத்தில் அவர் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல்தடவை. வண்டி தெருமுனை திரும்பும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடிவாரத்தில் குளிரில் பல் கிட்டியது. டோலி தூக்க மலைக்காரர் இருவர் வந்திருந்தார்கள். என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். மிளகு விற்கச் சந்தைக்கு இறங்கியவள், திரும்பும் வழியில் சுமைக்கு ஒப்புக்கொண்டாளாம். குழந்தையை மடியில் வைத்துச் சால்வையால் மூடிக்கொண்டேன். முகம் மட்டும் ஒரு காசளவு தெரிந்தது. குளிர் என் காதைத்தான் கடித்தது, குழந்தையைத் தொடவில்லை. சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று இருந்தது.

வெயில் வந்தது. ஏற்றம் செங்குத்தானது. முன்னால் தூக்கியவர் தன் கம்பளியைக் கழற்றி இடுப்பில் கட்டினார். மரநிழல் வந்து இறக்கி வைத்தபோது எடுத்துப் போர்த்திக்கொண்டார். திரும்பத் தூக்கும்போது மறுபடி இடுப்புக்குப் போனது. இதை நான் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

குழந்தை சத்தம் போடவில்லை. சமர்த்தாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

டோலியை இரண்டாவது தடவை இறக்கி வைத்தபோது அந்தப் பெண் பெட்டியை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதென்னுங்க, புள்ளையா, துணியில கட்டி அவிய வெச்ச கொழுக்கட்டையா?"

தூக்கிகள் இருவரும் சிரித்தார்கள். "மேல போறதுக்குள்ள வெந்துரும்" என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வந்தது. இவர்களுக்கு என்ன தெரியும் என்று சால்வையை இன்னும் இழுத்து மூடினேன். மூடிய கை கழுத்தில் பட்டது. கழுத்து அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் இருந்தது.

குல்லாய்க்குள் விரலை விட்டேன். முடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கன்னம் செக்கச்சிவந்து, வாய் திறந்து, குட்டி நாய் ஓடிவந்து படுத்ததுபோல் மூச்சு. லங்கோட்டைத் தொட்டேன். விடிகாலையில் கட்டியது, ஒரு தடவைகூட நனையாமல் அப்படியே காய்ந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"கழட்டுங்க, கழட்டுங்க" என்றாள் அந்தப் பெண்.

"கழற்ற முடியாது. தைத்திருக்கிறேன்."

"தெச்சிருக்கீங்களா? புள்ள மேலயேவா?"

அவள் சிரிக்கவில்லை. குனிந்து கழுத்துத் தையலைப் பல்லால் கடித்து இழுத்தாள். வரவில்லை. என் கத்தரிக்கோல் பெட்டிக்குள், கயிற்றுக்கட்டுக்கு அடியில் இருந்தது. அந்தச் சமயத்திலும் ஊடு போய்ச் சேர்ற மட்டும் என்ற குரல் காதில் இருந்தது. இங்கே காற்று அடிக்கிறதே, இது மாமியார் சொன்ன பனிதானே, இன்னும் எவ்வளவு தூரம் என்று அவர்களிடம் கேட்டேன். கேட்டதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. போய்ச் சேரப் பொழுது சாயும் என்றார் பின்னால் தூக்கியவர். சொல்லிவிட்டு இடுப்பு அரிவாளை எடுத்து நீட்டினார்.

"நீங்களே அறுங்க அம்மிணி. எங்கை நடுங்கும்."

அரிவாளை வாங்கினேன். அந்தப் பெண் குழந்தையின் தலையையும் காலையும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். தையலை அறுக்க நேரமில்லை. கழுத்துக்குக் கீழே என் இடது கையை உள்ளே விட்டு, விரல்கள் குழந்தைக்கும் துணிக்கும் நடுவில் இருக்கும்படி வைத்து, புது ஸ்வெட்டரையும் பிளானலையும் சேர்த்துக் கீழ்வரை கிழித்தேன். உள்ளேயிருந்து சோறு வடித்த ஆவிபோல் ஒரு சூடு முகத்தில் அடித்தது. என் விரல் ஒன்று வெட்டுப்பட்டது. பிறகுதான் பார்த்தேன்.

இப்போது குழந்தை நனைந்த மல் சட்டையோடு காற்றில் கிடந்தாள். உடம்பு நொடியில் குளிர ஆரம்பித்தது. நான் பயந்த பனி இப்போதுதான் வந்தது, அதுவும் என்னால். மல் சட்டையையும் உருவினேன். அந்தப் பெண் கையை நீட்டினாள். "இப்படிக் குடுங்க, எனக்கும் பால் இருக்குது." நான் தயங்கினேன். ஏன் தயங்கினேன் என்பது அவளுக்கும் தெரியும். கையை மடக்கிக்கொண்டு, காற்று வரும் பக்கமாக எனக்கு முதுகைக் காட்டி, தன் கம்பளியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நின்றாள். தூக்கிகள் தள்ளிப்போய்த் திரும்பிக்கொண்டார்கள்.

குழந்தையை என் ரவிக்கைக்குள், உடம்போடு உடம்பாக வைத்து, சேலையால் ஒரு சுற்றுச் சுற்றினேன். வாயில் பாலை வைத்தேன். குடிக்கவில்லை. உதட்டில் பிழிந்துவிட்டேன். வழிந்து போனது. மறுபடி பிழிந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பெண்ணின் விரித்த கைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. பிறகு குழந்தையின் நாக்கு அசைந்தது. ஒரு மடக்கு. நிறுத்தினாள். இன்னொரு மடக்கு. அப்புறம் கடித்தாள்.

சற்று நேரத்தில் என் வயிற்றில் சூடாக ஏதோ இறங்கியது. சேலை, உள்பாவாடை எல்லாம் நனைந்தது.

"பேஞ்சுட்டாளுங்களா?" என்றாள் அந்தப் பெண், திரும்பாமலே.

"ஆமாம்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்ப சரி" என்று கையை இறக்கித் தோளை உதறிக்கொண்டாள். "என்னுது நேத்திலிருந்து எங்கம்மாகிட்ட இருக்குது. எனக்குப் பால் கட்டிக்கிட்டு நெஞ்சு வலிக்குது. எந்திரிங்க, போலாம்."

அதன்பிறகு நான் டோலியில் ஏறவில்லை. குழந்தையை அப்படியே உடம்போடு வைத்துக்கொண்டு நடந்தேன். வெயிலில் சேலையைத் தளர்த்தினேன், நிழலில் சால்வையை மேலே இழுத்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் முதல் குக்கிராமத்திலேயே பெட்டியை ஒரு தூக்கியிடம் மாற்றிவிட்டுத் தன் வீட்டுப் பாதையில் இறங்கி ஓடினாள். பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

வீட்டில் அவர் இல்லை. அதிகாரி மலையிலேயே அடுத்த நாட்டுப் பகுதிக்கு அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார், இரண்டு நாளில் வருவார் என்று காவல்காரர் சாவியைக் கொடுத்தார். விளக்கேற்றிப் பெட்டியைப் பிரித்தேன். மாற்றுத் துணிகளை எடுத்து, மல் சட்டை போட்டேன். கழுத்தைத் தொட்டேன். பழைய பிளானல் சட்டை ஒன்று போட்டேன். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. இது போதுமா என்று கேட்க அந்த வீட்டில் யாருமில்லை. இன்னொன்றை எடுத்து மாட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதைக் கழற்றினேன்.