மீனாச்சி வெட்டிவிட்ட வரப்பு

கதிர்கள் நிமிர்ந்தே நின்றன. அதுதான் என் முதல் பயம். மணி முற்றினால் நெல் தலை சாய்க்க வேண்டும். எங்கள் மேல்வயலில் ஒன்றும் சாயவில்லை. ஒரு கதிரைப் பறித்து மடியில் உதிர்த்து எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு மணி. அதில் நூற்று நான்கு பதர். இன்னும் ஐந்து கதிர்களை எண்ணினேன். அடுத்ததைப் பறிக்கக் கை வரவில்லை.

சகோதர சகோதரிகளே, என்னை உங்களுக்குத் தெரியும். ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மூன்றாவது வாங்குப் பலகையில் உட்கார்ந்து எண்ணும் கிழவன் நான். இருபத்தெட்டு வருஷம் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை. அந்தப் புத்தி வேலையோடு போகவில்லை. எல்லாவற்றையும் எண்ணிய நான், நான்கு பீப்பாய்களை மட்டும் என் வீடு தாண்டி யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஆண்டவர் அதை வெளியே கொண்டுவந்த விதத்தைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

வேலையை விட்டு மலாக்கா காஜா பெராங்கில் குடியேறியபோது, மீனாச்சியின் வயலைப் பாதிப் பங்குக்கு எடுத்தேன். மேல், நடு, கீழ் என்று மூன்று வயல்கள். மீனாச்சி மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண். புருஷன் இல்லை. மூன்று பிள்ளைகள். வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். நம் தமிழும் அரைகுறையாக வரும். யுத்தம் முடிந்து ரங்கூன் அரிசி சரியாக வராத காலம். அந்த நெல்தான் இரண்டு வீட்டுக்கும் சோறு.

வாய்க்காலிலிருந்து மேல்வயலுக்குத் தண்ணீர் விட வரப்புக்கு அடியில் குழாய் தேவைப்பட்டது. தோட்டத்தில் காலி இரும்புப் பீப்பாய்கள் கிடந்தன. நான்கைக் கேட்டு வாங்கி வந்து, அடியைத் தட்டி எடுத்து, வரிசையாகப் புதைத்தேன். அவை லாலாங் புல்லைச் சாகடிக்கும் மருந்து வந்த பீப்பாய்கள். அந்த மருந்து பட்ட புல்லை மேய்ந்து தோட்டத்தில் இரண்டு மாடுகள் செத்ததை நானே என் கையால் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. புதைக்கும் முன் சாம்பலும் மணலும் போட்டு மூன்று முறை கழுவினோம், நானும் என் மனைவி ஞானம்மாளும். மூன்று போதும் என்று நானே தீர்மானித்தேன். கழுவிய தண்ணீரையும் அந்த மேல்வயலிலேயே கொட்டினேன்.

அந்த அறுப்பில் மீனாச்சியின் பங்கு நான்கு மூட்டை. அதற்கு முந்தின வருஷம் பதினொன்று.

"என்ன கிராணி, நெல்லு பூரா காலி?" என்று ஒரு கதிரைக் கசக்கிக் காட்டினாள்.

"பூச்சி," என்றேன்.

ஒரே வார்த்தை. அதைச் சொன்ன நாள் முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பேன். எழுந்தால் வயலுக்குப் போவேன். அவள் பிள்ளைகள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு எதிரே வருவார்கள். நான் வேறு பாதையில் திரும்பிவிடுவேன்.

அடுத்த நடவுக்கு முன் பீப்பாய்களைத் தோண்டி எடுத்தேன். நஞ்சு மண்ணில் இருக்கும், நிறையத் தண்ணீர் நின்றால் நீர்த்துப் போகும் என்று கணக்குப் போட்டேன். நெல்லுக்குத் தண்ணீர் எவ்வளவு நின்றாலும் நல்லதுதான் என்று நம்மில் யாருக்குத்தான் நினைப்பில்லை? வடிகாலை அடைத்தேன். தினமும் காலையில் அடிக்கோலை நட்டு அளந்தேன். ஆறு அங்குலத்துக்குக் குறைய விடவில்லை. மழைக்காக முழங்காலில் நின்றேன். மழையும் வந்தது. ஜெபம் கேட்கப்பட்டது என்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

பத்தே நாளில் மேல்வயல் மஞ்சளாகியது. பிறகு நடுவயலும். பயிர் தூர் கட்டிக் கிளைக்கவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருந்தது.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, இனி தண்ணீர் தாரும் என்று நான் சொல்ல மாட்டேன். என்ன வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளின் சோற்றைக் காப்பாற்றும்" என்று அழுதேன்.

சமையற்கட்டிலிருந்து ஞானம்மாள் கேட்டாள்: "பீப்பா சங்கதிய ஆண்டவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். மீனாச்சிக்குத் தெரியாதே. எந்திரிங்க, போங்க."

போனேன். என் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு இருநூற்றுப் பதினாறு அடி. அன்று எண்ணிக்கை இரண்டு தடவை தவறியது. மீனாச்சி முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பீப்பாய், மாடுகள், கழுவிய தண்ணீர், பூச்சி என்ற பொய்.

"அடோய்!" என்றாள். கையிலிருந்த மிளகாயைக் கீழே போட்டாள். பிறகு, "நஞ்சத் தண்ணியில கரைச்சு, அதுல நெல்லு நட்டு, என் பிள்ளைங்களுக்குத் தர்றதா? இவ்ளோ படிச்சு என்ன புண்ணியம், கிராணி?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். "மீனாச்சி, வேணாம்மா! தண்ணி போனா பயிர் காஞ்சிடும்!"

"காயட்டும்! நஞ்சுச் சோறு திங்கறதவிட பட்டினி மேல்!"

மூன்று வயல்களின் வரப்பையும் வெட்டிவிட்டாள். நான் அளந்து அளந்து சேர்த்த ஆறு அங்குலமும் ஓடைக்குப் போனது. அந்த ஓடையில் மறுநாள் பதினேழு மீன் மிதந்தது. இரண்டு நாள் அங்கேயே நின்று யாரும் அதை எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொண்டேன். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு மழையே இல்லை. மழை மாதத்தில் பன்னிரண்டு நாள் ஒரு துளியும் விழவில்லை. என் விரல் நுழையும் அளவுக்கு வயல் வெடித்தது. என்னைக் கைவிட்டீரே என்று ஆண்டவரிடமே சண்டை போட்டேன்.

பதின்மூன்றாம் நாள் காலை மீனாச்சியே வந்து கூப்பிட்டாள். "கிராணி, வந்து பாருங்க. கோலும் கொண்டு வாங்க."

நடுவயலில், வெடித்த மண்ணுக்கு நடுவே, மஞ்சள் பயிரின் அடியிலிருந்து புதுத் தூர் பச்சையாக எழும்பியிருந்தது. ஒரு பயிரைப் பிடுங்கினேன். கறுத்த வேர்களுக்கு இடையே வெள்ளை வேர். ஒன்பது எண்ணினேன். அதற்கு மேல் கண் தெரியவில்லை.

விவசாய இலாகாக்காரர் ஒருவர் பின்னால் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தபோது விசாரித்தேன். மண் மூழ்கிக் கிடந்தால் அந்த நஞ்சைத் தண்ணீரில் விட்டுவிடுகிறது, பயிர் குடித்துவிடுகிறது. மண்ணுக்குக் காற்றுப் பட்டால் அது நஞ்சை இறுகப் பிடித்துக்கொள்கிறது என்றார். நான் தண்ணீர் கட்டக் கட்டப் பயிருக்கு நஞ்சு ஊட்டியிருக்கிறேன்.

அந்தத் தை மாதம் நடுவயலும் கீழ்வயலும் தலை சாய்ந்தன. மேல்வயலை அப்படியே அறுத்துப் புதைத்தோம். இன்றுவரை அதில் உண்ணும் பொருள் எதையும் நடவில்லை. புது நெல்லை முதலில் என் கோழிகள் பதினொன்றுக்கும் ஒரு மாதம் போட்டேன். பதினொன்றும் நடமாடின. அதன் பிறகுதான் ஞானம்மாள் உலை வைத்தாள். அப்போதும் முதல் கவளத்தை நான் தின்று, ஒரு நாள் பொறுத்த பிறகுதான் மீனாச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவள் பங்கு ஏழு மூட்டை. என் பங்கில் மூன்றைச் சேர்த்துப் பத்தாக்கினேன். பதினொன்றாக்க முடியவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

இப்போது ஒவ்வொரு போகத்திலும் இரண்டு தடவை வயலை வெடிக்கும்வரை காயவிடுகிறோம். எப்போது வரப்பை வெட்டுவது என்று மீனாச்சிதான் சொல்வாள். அறுப்பின் முதல் கதிர்க்கட்டை இரண்டாகப் பிரிப்போம். ஒன்று அவள் மாரியம்மன் கோயிலுக்கு. மற்றது இதோ, அறுப்பின் பண்டிகைக்கு இந்தப் பீடத்தின் முன்னால்.

அன்பானவர்களே, எனக்கு இன்னும் தூக்கம் குறைவுதான். இன்னும் எல்லாவற்றையும் எண்ணுகிறேன். ஆனால் அவள் பிள்ளைகள் எதிரே வந்தால் இப்போது பாதை மாறுவதில்லை. நான் தண்ணீர் கேட்டேன். அவர் ஒரு தாயின் கோபத்தைக் கொடுத்தார். அதுதான் மருந்தாக இருந்தது. உங்களில் யாராவது எதையாவது புதைத்து வைத்துக்கொண்டு அதன்மேல் ஜெபத்தை ஊற்றிக்கொண்டிருந்தால், இன்று ஆராதனை முடிந்ததும் நேராக அந்த வீட்டுக்குப் போங்கள். எத்தனை அடி தூரம் என்று எண்ணாதீர்கள். அவர் முன்னாலேயே போய் அங்கே நிற்பார்.